ஒருவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரிதானா? சரிபார்ப்பது எப்படி

"கேம்பிரிட்ஜில் படித்தவர்" என்ற வரி தமிழில் எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகளில் மிக எளிதாக நுழைந்துவிடுகிறது. குடும்ப மலரில் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதுகிறவர், பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும் ஆசிரியர், விக்கிப்பீடியாவில் தொகுப்பவர், விநாடி வினா நடத்துபவர் என்று எல்லோரும் அந்த வரியை ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறோம். அதைச் சரிபார்க்க முடியும், பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே. எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். "பட்டதாரியா, இல்லையா" என்று மட்டும் தேடினால் பாதி உண்மை கையை விட்டுப் போய்விடும். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தத் தேர்வு எழுதினார், பட்டம் வாங்கினாரா, வாங்கவில்லை என்றால் ஏன் என்று தனித்தனியாகத் தேட வேண்டும். 1209-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. இத்தனை நூற்றாண்டுகளில் சேர்வதும் தேறுவதும் பட்டம் பெறுவதும் எப்போதும் ஒன்றாகவே நடந்துவிடவில்லை.

கல்லூரியிலிருந்து தொடங்குங்கள்

கேம்பிரிட்ஜில் மாணவரைச் சேர்ப்பது கல்லூரிதான். பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், பட்டம் தரும். இன்று 31 கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பழையது 1284-இல் தொடங்கிய பீட்டர்ஹவுஸ். ஆகவே ஒரு குறிப்பில் கேம்பிரிட்ஜ் என்று மட்டும் இருந்து கல்லூரிப் பெயர் இல்லை என்றால், எழுதியவர் மூல ஆவணம் எதையும் பார்க்கவில்லை என்று சந்தேகப்படலாம். நேரு என்றால் டிரினிட்டி, அரவிந்தர் என்றால் கிங்ஸ், மன்மோகன் சிங் என்றால் செயின்ட் ஜான்ஸ், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் என்றால் கிறைஸ்ட்ஸ். பெயரோடு கல்லூரியும் ஒட்டியே வர வேண்டும்.

ஃபிட்ஸ்வில்லியம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. கல்லூரிச் செலவைத் தாங்க முடியாதவர்களும் கேம்பிரிட்ஜில் படிக்கட்டும் என்று 1869-இல் செய்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது அது. 1966-இல்தான் முழுக் கல்லூரி ஆனது. சுபாஷ் சந்திர போஸும் சிங்கப்பூரின் லீ குவான் யூவும் அங்கே இருந்தவர்கள்தான். பழைய ஆவணங்களில் ஃபிட்ஸ்வில்லியம் ஹவுஸ் என்றோ, கல்லூரி சாராத மாணவர் என்றோ இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

1900-க்கு முன் சேர்ந்தவர் என்றால் வேலை சுலபம். வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் வென் வரைபடத்தைப் பள்ளியில் படித்திருப்போம் இல்லையா, அதே ஜான் வென் தன் மகனோடு சேர்ந்து, தொடக்கம் முதல் 1900 வரை கேம்பிரிட்ஜில் சேர்ந்தவர்களாகத் தெரிந்த எல்லோரையும் ஒரு பதிவேடாகத் தொகுத்தார். 1922-இல் முதல் தொகுதி வந்தது. அடுத்த ஆண்டு தந்தை இறந்துவிட, மகன் அந்த வேலையை விடாமல் செய்து 1954-இல் 10-ஆவது தொகுதியோடு முடித்தார். அச்சிடவே 32 ஆண்டுகள் பிடித்த இந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. கேம்பிரிட்ஜ் முன்னாள் மாணவர் தரவுத்தளம் என்ற பெயரில் இப்போது அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு இதே மாதிரி ஜோசஃப் ஃபாஸ்டர் தொகுத்த பதிவேடு இருக்கிறது, 1500 முதல் 1886 வரை. ஆக்ஸ்ஃபோர்டா கேம்பிரிட்ஜா என்றே குழப்பம் இருந்தால் இரண்டிலும் தேடிவிடுங்கள்.

தேடும்போது நம் பெயர்களில்தான் சிக்கல் வரும். அவர்கள் குடும்பப் பெயரை முன்னால் போட்டு அகர வரிசைப்படுத்துவார்கள், நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பொன்னம்பலம் அருணாசலத்தைத் தேடுகிறீர்கள் என்றால், பொன்னம்பலம் அவருடைய தந்தை பெயர், அருணாசலம் இவர் பெயர். இரண்டையும் குடும்பப் பெயர் இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும். ஐயர், ஐயங்கார், பிள்ளை, முதலியார் போன்ற பின்னொட்டுகளை ஆங்கிலேயர் குடும்பப் பெயராகப் பதிந்திருக்கவும் கூடும், அதையும் பாருங்கள். எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக மாற்றிப் பாருங்கள். அரவிந்தருக்கு இங்கிலாந்தில் அக்ராய்டு என்று ஒரு நடுப்பெயர்கூட இருந்தது. பெயர் கிடைக்கவில்லை என்றால் கல்லூரியையும் ஆண்டையும் மட்டும் கொடுத்து, வரும் பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் தரும்.

1900-க்குப் பிறகு வந்தவர்களுக்கு இப்படி ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது. கல்லூரிகள் வெளியிட்ட சேர்க்கைப் பதிவேடுகள், 1870 முதல் வரும் பல்கலைக்கழகத்தின் அரசிதழ் போன்ற ரிப்போர்ட்டர், அந்தக் காலச் செய்தித்தாள்களில் வந்த தேர்வு முடிவுகள், கடைசியாகக் கல்லூரி ஆவணக் காப்பகம் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். முனைவர் பட்டம் என்றால் அதைவிட எளிது, ஏனென்றால் ஆய்வேடு நூலகப் பட்டியலில் இருக்கும். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 1966 ஆய்வேட்டை 2017-இல் பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவிட்டபோது, படிக்க வந்த கூட்டத்தில் தளமே திணறியது. கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதன் 1952-இல் வாங்கிய பட்டமும், ஜி. என். ராமச்சந்திரன் 1949-இல் வாங்கிய பட்டமும் இந்த வகைதான். இருவரும் அங்கே இளங்கலை படிக்கவில்லை, ஆனால் முழுமையான கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள்.

பதிவேட்டில் மெட்ரிகுலேஷன் என்று பார்த்ததும் பள்ளி இறுதித் தேர்வு என்று நினைத்துக்கொண்டு, கொடுத்திருக்கும் ஆண்டைப் பள்ளி முடித்த ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். கேம்பிரிட்ஜில் அது பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்த நாள். நியூட்டன் 1661 ஜூனில் டிரினிட்டியில் சேர்ந்தார், ஜூலையில் பல்கலைக்கழகத்தில் பதிந்தார், 1665-இல் பி.ஏ. ஆனார். அவர் பெயரோடு வரும் சைசர் என்ற நிலை, மற்றவர்களுக்கு வேலை செய்து செலவைக் குறைத்துக்கொண்ட ஏழை மாணவர்களுக்கானது. அதையும் சேர்த்து எழுதினால் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு நல்லது.

சேர்ந்தார், ஆனால் பட்டம் இல்லை

அடுத்து, பட்டத்தைத் தேடுங்கள். இங்கேதான் சுவையான விஷயங்கள் வரும்.

ஆலிவர் குரோம்வெல் 1616-இல் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டு தந்தை இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவர் கேம்பிரிட்ஜ் மாணவர், பட்டதாரி அல்ல. ராஜீவ் காந்தி டிரினிட்டியில் இருந்தார், பட்டம் வாங்கவில்லை. சரோஜினி நாயுடு 1890-களில் கர்ட்டன் என்ற பெண்கள் கல்லூரியில் இருந்தார், பட்டம் வாங்காமல் இந்தியா திரும்பினார். அரவிந்தரின் கதை இன்னும் நுட்பமானது. 1890-இல் கிங்ஸ் கல்லூரிக்கு உதவித்தொகை வாங்கிப் போனவர், 1892-இல் செவ்வியல் மொழிகளுக்கான டிரைபாஸ் முதல் பகுதியில் முதல் வகுப்பே எடுத்தார். டிரைபாஸ் என்றால் அங்கே ஆனர்ஸ் தேர்வு. ஆனால் அதை இரண்டாம் ஆண்டிலேயே எழுதிவிட்டதால் பட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு பாக்கி இருந்தது, அவர் இருக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்து இந்திய ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.ஸின் எழுத்துத் தேர்விலும் தேறி, குதிரையேற்றத் தேர்வில் தவறி, இந்தியா வந்தார். பின்னாளில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த இவரை "கேம்பிரிட்ஜ் பட்டதாரி" என்று எழுதினால் தப்பு. "கேம்பிரிட்ஜில் டிரைபாஸ் முதல் பகுதியில் முதல் வகுப்பில் தேறினார், பட்டம் பெறவில்லை" என்று எழுதினால் உண்மையும் நிற்கும், அவருடைய பெருமையும் குறையாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஆங்கிலக் கவிஞர் லார்ட் பைரன். பிரபுக்கள் தேர்வெழுதாமலேயே பட்டம் வாங்கலாம் என்ற பழைய சலுகையில் 1808-இல் எம்.ஏ. வாங்கிக்கொண்டு போனார்.

எம்.ஏ. என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மூர்க் குறிப்புகளில் அடிக்கடி வரும் பிழை இது. கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பி.ஏ. முடித்தவர் சில ஆண்டுகள் கழித்து, மேலே படிக்காமல், தேர்வெழுதாமல் எம்.ஏ. ஆகிவிடலாம். இன்றும் அப்படித்தான். ஆகவே ஒருவர் பெயருக்குப் பின்னால் கேம்பிரிட்ஜ் எம்.ஏ. என்று இருந்தால், "அங்கேயே முதுகலையும் படித்தார்" என்று நாமாக ஒரு வரி சேர்க்கக்கூடாது.

மதம், பெண் என்ற தடைகள்

1856 வரை பி.ஏ. வாங்கவே இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பதவிகளில் இருந்த தடை நீங்க 1871 ஆனது. கணித அறிஞர் ஜே. ஜே. சில்வெஸ்டர் யூதர். 1837-இல் கணித டிரைபாஸில் இரண்டாவதாக வந்தும் பட்டம் இல்லை, 1872-இல், தேர்வெழுதி 35 ஆண்டுகள் கழித்துத்தான் கேம்பிரிட்ஜ் கொடுத்தது. மதுரையில் 1806-இல் பிறந்த அகஸ்டஸ் டி மோர்கன், ஆமாம், தருக்கத்தில் டி மோர்கன் விதிகள் என்று படிக்கிறோமே அவரேதான், டிரினிட்டியில் சேர்ந்து 1827-இல் நான்காவது ராங்லராக, அதாவது கணித டிரைபாஸ் முதல் வகுப்பில் நான்காவதாக வந்தார். பி.ஏ. வாங்கினார், ஆனால் எம்.ஏ.வுக்கான மதச் சோதனைக்கு மனசாட்சி இடம் தராததால் ஃபெலோ, அதாவது கல்லூரியின் ஆட்சி உறுப்பினர், ஆக முடியாமல் போய், அடுத்த ஆண்டே லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மதுரையில் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இவரைப் பற்றி வகுப்பில் இரண்டு நிமிடமாவது பேச வேண்டும் என்பது என் ஆசை.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். பெண்கள் கல்லூரிகளான கர்ட்டன் 1869-இலும் நியூனம் 1871-இலும் தொடங்கின, 1881 முதல் பெண்கள் டிரைபாஸ் எழுத முறைப்படி அனுமதி கிடைத்தது, ஆனால் பட்டம் கிடையாது. 1890-இல் ஃபிலிப்பா ஃபாசெட் கணித டிரைபாஸில் ஆண்களில் முதல்வராக வந்தவரையும் தாண்டி மதிப்பெண் எடுத்தார். அவரை "சீனியர் ராங்லருக்கு மேலே" என்று அறிவித்தார்கள், பட்டம் மட்டும் தரவில்லை. 1921-இல் பட்டத்தின் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள், பட்டதாரிக்குரிய உரிமைகள் இல்லாமல். முழுப் பட்டம் 1948-இல்தான். ஆக்ஸ்ஃபோர்டு 1920-லேயே கொடுத்துவிட்டது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டுபிடித்த சிசிலியா பெய்ன் நியூனமில் படித்துவிட்டு 1923-இல் அமெரிக்கா போனது இந்த நிலையில்தான். டி.என்.ஏ. ஆய்வில் நமக்குத் தெரிந்த ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் 1941-இல் இறுதித் தேர்வில் தேறியபோதும் இதே நிலைதான்.

இதனால் 1948-க்கு முந்தைய பெண்களின் பெயரைப் பட்டதாரிகள் பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவில்லை என்று அவர்களைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பட்டம் வாங்கியதாகவும் எழுதிவிடாதீர்கள். தேறினார், பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது என்று முழுசாக எழுதுங்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1904 முதல் 1907 வரை இப்படிப்பட்ட பெண்களுக்குத் தானே பட்டம் கொடுத்தது, அவர்கள் கப்பலேறிப் போய் வாங்கி வந்தார்கள். ஒரு கேம்பிரிட்ஜ் மாணவிக்கு டப்ளின் பட்டம் எப்படி வந்தது என்று குழம்பினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

டிரைபாஸ் தர வரிசை

1909 வரை கணித டிரைபாஸில் முதல் வகுப்பு எடுத்தவர்களை ராங்லர் என்று சொல்லி, வரிசை எண்ணோடு வெளியிட்டார்கள். 1874-இல் ஆனந்த மோகன் போஸ் முதல் இந்திய ராங்லர், 1899-இல் ஆர். பி. பராஞ்ச்பே முதல் இடத்துக்கே வந்தார். 1909-க்குப் பிறகு வரிசை எண் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். எனவே 1930-களில் படித்த ஒருவரை "கேம்பிரிட்ஜில் ஏழாவது ராங்லர்" என்று ஒரு குறிப்பு சொன்னால் அதைத் தள்ளிவிடலாம், ராங்லர் என்று மட்டும் சொன்னால் சரியாக இருக்கலாம். வகுப்பையும் பாருங்கள்: நேரு 1910-இல் இயற்கை அறிவியலில் இரண்டாம் வகுப்பு, சுபாஷ் 1921-இல் தத்துவம் சார்ந்த டிரைபாஸில் மூன்றாம் வகுப்பு. எல்லோரையும் முதல் வகுப்பில் ஏற்றிவிட வேண்டிய அவசியம் இல்லை.

ராமானுஜனைப் பற்றி எழுதும்போது கைகள் தானாகவே டாக்டர் பட்டம் என்று தட்டச்சு செய்யும். அவர் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய் இறங்கினார், 1916 மார்ச்சில் மிகு பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக அவருக்குக் கிடைத்தது ஆராய்ச்சி வழியான பி.ஏ. பட்டம். பிஎச்.டி. என்ற ஏற்பாடே அப்போது கேம்பிரிட்ஜில் இல்லை, சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. எஃப்.ஏ. என்ற இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறாத ஒருவருக்கு வழக்கமான தகுதி விதியைத் தளர்த்திப் பட்டம் கொடுத்தார்கள் என்பதே போதும், அதற்கு மேல் நாம் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1918-இல் ராயல் சொசைட்டி ஃபெலோவும் டிரினிட்டி ஃபெலோவும் ஆனார். இவை இரண்டும் பட்டங்கள் அல்ல.

அங்கே இருந்தவர் எல்லாம் அங்கே படித்தவர் இல்லை

ஃபெலோ, பேராசிரியர், கௌரவப் பட்டம் பெற்றவர் எல்லோரையும் சேர்த்துப் பட்டியல் போடும் பழக்கம் பல்கலைக்கழகங்களுக்கே உண்டு, நோபல் எண்ணிக்கை இதனால்தான் ஆளுக்கு ஆள் மாறும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்றபோது கேம்பிரிட்ஜில் வேலை செய்துகொண்டிருந்தார், டிரினிட்டி ஃபெலோவும்கூட. ஆனால் அவர் படித்தது பரோடாவிலும் அமெரிக்காவின் ஒஹையோவிலும். சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1930-இல் கப்பலேறிய எஸ். சந்திரசேகர் 1933-இல் டிரினிட்டியில் முனைவர் ஆனவர், அதனால் அவர் பட்டதாரி. பெயரைப் பார்த்து இருவரையும் ஒரே வகையில் போடக்கூடாது. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1893-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார், கௌரவப் பட்டம், அங்கே ஒரு நாளும் மாணவராக இருந்ததில்லை.

ஒருவர் இரண்டு பக்கமும் வருவதும் உண்டு. மன்மோகன் சிங் 1957-இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரத்தில் முதல் வகுப்பு, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர். ஹாக்கிங் அதற்கு நேர் எதிர், இளங்கலை ஆக்ஸ்ஃபோர்டு, முனைவர் பட்டம் கேம்பிரிட்ஜ். இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தால் உடனே பிழை என்று முடிவு கட்ட வேண்டாம்.

நம் ஊர்த் தாத்தாக்கள் விஷயத்தில் அடிக்கடி நடப்பது பாரிஸ்டர் குழப்பம். லண்டனில் இன் என்று சொல்லப்படும் நான்கு சட்டச் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்துதான் பாரிஸ்டர் ஆவார்கள், அதற்கும் கேம்பிரிட்ஜுக்கும் சம்பந்தமில்லை. காந்தி இன்னர் டெம்பிளில் படித்தவர், வ. வே. சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னில். நேரு மாதிரி முதலில் கேம்பிரிட்ஜ், பிறகு இன்னர் டெம்பிள் என்று போனவர்களும் உண்டு. ஐ.சி.எஸ். தேறியவர்கள் பயிற்சிக்காலத்தை ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ கழித்ததுண்டு, அதற்குப் பட்டம் கிடையாது. அப்புறம் கேம்பிரிட்ஜ் பெயரில் நடக்கும் பள்ளித் தேர்வு எழுதியவர், கோடை விடுமுறையில் அங்கே குறுகிய வகுப்புக்குப் போனவர், அதே ஊரில் இருக்கும் ஆங்கிலியா ரஸ்கின் என்ற வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று இன்றைய குழப்பங்கள் தனி.

கல்லூரிக்கு எழுதுவது

இவ்வளவு பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் கல்லூரி ஆவணக் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். முகவரி ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இருக்கும். நீளமாக எழுத வேண்டாம். முழுப்பெயர், அதன் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள், தந்தை பெயர், பிறந்த ஆண்டும் ஊரும், இங்கிலாந்து போன ஆண்டு, அதற்கு முன் படித்த கல்லூரி, இவ்வளவும் கொடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள்: சேர்ந்த நாள் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேர்வில் என்ன வகுப்பு, பட்டம் எப்போது. எந்தக் கல்லூரி என்றே தெரியாவிட்டால் 31 பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாமல் முதலில் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவைக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அவருடைய ஒப்புதல் இல்லாமல் விவரம் தர மாட்டார்கள், அது சரியும்கூட. வேலைக்கு எடுக்கிற நிறுவனம் பட்டத்தைச் சரிபார்ப்பதற்குத் தனி வழி இருக்கிறது, அதற்கும் சம்பந்தப்பட்டவரின் சம்மதம் தேவை.

பதில் வந்ததும் அதில் உள்ளதை உள்ளபடி ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கல்லூரி, சேர்ந்த ஆண்டு, தேர்வு, வகுப்பு, பட்டம், பட்டம் இல்லை என்றால் அதன் காரணம். "பதிவு எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் லண்டன் இன்கள், எடின்பரோ, லண்டன் பல்கலைக்கழகம் பக்கம் அடுத்த கடிதம் போகட்டும். சீமைக்குப் போய்ப் படித்தவர் என்று மட்டும் கேட்டு வளர்ந்த குடும்பத்தில், கேம்பிரிட்ஜ் என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.